கயிறு போட்டவரும் கணக்கை மறைத்தவரும்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "பால் வாட்சன் மேல் இருந்த இன்டர்போல் அறிவிக்கையை எடுத்துவிட்டார்கள், நல்லது. அதற்காக அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வாட்சன், திமிங்கல வேட்டைக் கப்பல்களைக் கடலில் மறிக்கும் 'சீ ஷெப்பர்டு' அமைப்பைத் தொடங்கியவர். ஜப்பான் கேட்டு, அவரைத் தேடச் சொன்னது அந்த அறிவிக்கை. தேன்கூட்டில் கல் எறிந்த கதைதான். திட்டி வந்த கடிதங்கள் பாதி, விளக்கம் கேட்டு வந்தவை பாதி. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, திமிங்கல வேட்டை மட்டும்.

கேள்வி: வாட்சன் கடற்கொள்ளையரா, கடலின் காவலரா? உங்கள் வரி இரண்டு பக்கமும் சாய்கிறதே, அண்ணாச்சி! (வாசகர், திருச்செந்தூர்)

பதில்: சாயத்தான் செய்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2024 ஜூலை 21 அன்று வாட்சனின் கப்பல் எரிபொருள் நிரப்ப கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அவர் போய்க்கொண்டிருந்தது வட பசிபிக்குக்கு. ஜப்பான் புதிதாகக் கட்டிய 'காங்கேய் மாரு' என்ற திமிங்கலக் கப்பலை மறிப்பது திட்டம். கரை சேர்ந்ததும் போலீஸ் ஏறிக் கைவிலங்கு போட்டது. ஜப்பான் கேட்ட வழக்கு 2010-இல் அண்டார்டிக் கடலில் நடந்தது. நாற்றமடிக்கும் பியூட்டிரிக் அமிலப் புட்டிகளை வேட்டைக் கப்பல் மேல் எறிந்ததில் ஒரு மாலுமிக்குக் காயம், வேலைக்குத் தடை, அத்துமீறி ஏறியதற்கு உடந்தை. ஐந்து மாதம் கிரீன்லாந்துச் சிறையில் இருந்தார். டிசம்பர் 17 அன்று, ஜப்பானிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று, கிரீன்லாந்தையும் உள்ளடக்கிய டென்மார்க் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்து பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இங்கே சிறையில் கழிந்த நாட்களை ஜப்பானில் தண்டனையில் முழுதாகக் கழிப்பார்கள் என்ற உறுதியும் கிடைக்கவில்லை. இவைதான் காரணங்கள். அவர் செய்தது சரியா தப்பா என்பதற்குள் டென்மார்க் போகவே இல்லை. இதைத்தான் பல பேர் 'விடுதலை, வெற்றி' என்று படித்துக்கொண்டார்கள்.

'கடற்கொள்ளை' என்பதற்கு ஐ.நா. கடல் சட்டத்தில் இலக்கணம் உண்டு. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஆழ்கடலில், ஒரு கப்பலில் இருப்பவர்கள் இன்னொரு கப்பல் மீது, சொந்த நோக்கத்துக்காகச் செய்யும் வன்முறை. 'சொந்த நோக்கம்' என்ற இரண்டு சொல்லில்தான் சண்டை. பணத்துக்காகச் செய்யவில்லையே என்பது ஒரு வாதம். அரசாங்கம் சார்பில் செய்யாதது எல்லாமே சொந்த நோக்கம்தான், கொள்கையும் அதில் அடக்கம் என்று 2013-இல் அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வாட்சனின் 'சீ ஷெப்பர்டு' வழக்கில் தீர்ப்பு எழுதியது. வாட்சன் அதற்கு முன்பே மண்டை ஓட்டுக் கொடியைப் பறக்கவிட்டவர். கொடியில் எலும்புகளுக்குப் பதில் திரிசூலமும் ஆட்டிடையன் கோலும். குறும்புக்காரர்.

என் சங்கடம் சட்டத்தில் இல்லை. சீ ஷெப்பர்டு அமிலப் புட்டியோடு நிற்கவில்லை. வேட்டைக் கப்பல்களின் பாதையில் நீளக் கயிறுகளைப் போட்டார்கள், புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளட்டும் என்று. இந்தச் செய்தியைக் கரையில் இருப்பவர் ஒரு மாதிரி படிப்பார். கப்பல் இன்ஜின் ரூமில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் வேறு மாதிரி படிப்பான்.

1991 ஜூலையில் நான் மூன்றாம் இன்ஜினியர். வங்காள விரிகுடாவில், பருவக்காற்றுக் காலத்தில், யாரோ அறுத்துவிட்ட மீன்வலைக் கயிறு எங்கள் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. முதலில் காலடியில் ஒரு நடுக்கம். பிறகு இன்ஜின் வெப்பம் ஏறியது, நிறுத்தினோம். நைலான் கயிறு உருகி, புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தை அடைத்திருக்கும் ஸ்டெர்ன் ட்யூப் சீலுக்குள் போய்விட்டது, எண்ணெய் கசிகிறது. நின்றுவிட்ட கப்பலை அலை தன் இஷ்டத்துக்குக் குறுக்கே திருப்பிப் போட்டுக்கொள்ளும். பதினோரு மணி நேரம் அப்படி உருண்டோம். தண்டை மெல்லச் சுற்றும் டர்னிங் கியரைப் போட்டு முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி, கடைசியில் கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. எங்கள் சீஃப் இன்ஜினியர் ஆலப்புழைக்காரர். அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப்பையில் இருந்த குழந்தையேசு படத்தை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்காவது வெதுவெதுப்பான கடல், ஒரு நாள் தொலைவில் துறைமுகம். பனிக்கட்டி மிதக்கும் அண்டார்டிக் கடலில், உதவிக்கு யாரும் இல்லாத இடத்தில் இதை வேண்டுமென்றே செய்வதா? திமிங்கலத்தைச் சுட்டவன் பீரங்கிக்காரன். அடியில் இருக்கும் எண்ணெய்க்கார ஆள் சம்பளத்துக்கு வந்தவன். அதனால்தான் அந்த வரி.

சரி, மறுபக்கமும் சுத்தம் இல்லை. 2010 ஜனவரி 6 அன்று ஜப்பானியப் பாதுகாப்புக் கப்பல் 'ஷோனான் மாரு 2', எதிர்ப்பாளர்களின் சிறிய அதிவேகப் படகான 'ஆடி கில்' மேல் மோதியதில் அதன் மூக்கு துண்டாகப் போனது. ஆறு பேரும் பிழைத்தார்கள். அடுத்த மாதம் அந்தப் படகின் கேப்டன் இருட்டில் ஷோனான் மாருவில் ஏறி, அதன் கேப்டனை 'நான் கைது செய்கிறேன்' என்று சொல்லி, உடைந்த படகுக்கு நஷ்ட ஈட்டுச் சீட்டையும் நீட்டினார். அவரைக் கொண்டுபோய் டோக்கியோவில் வழக்குப் போட்டு, இரண்டு வருடத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்து ஊருக்கு அனுப்பினார்கள். இடித்த கப்பலின் கேப்டனுக்கு அப்படி ஒரு கூண்டும் இல்லை.

கேள்வி: திமிங்கல வேட்டைக்கு உலகம் முழுக்கத் தடை என்று பாடத்தில் படித்தோம். பிறகு எப்படி நார்வேயும் ஜப்பானும் வேட்டையாடுகின்றன? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: பாடத்தில் பாதியைத்தான் போட்டிருக்கிறார்கள், அம்மா.

1946-இல் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேசத் திமிங்கல ஆணையம். அதன் முகவுரையைப் படித்துப் பார்: திமிங்கலங்களைப் பேணுவது, அதன் வழியாகத் திமிங்கலத் தொழில் ஒழுங்காக வளர வழிசெய்வது. காப்பதற்கான சங்கம் அல்ல அது, பிடிப்பவர்களின் சங்கம். 1982-இல்தான் அந்தச் சங்கம், வணிக வேட்டைக்கான அளவு 'பூஜ்யம்' என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. 1985-86 பருவத்திலிருந்து அமல். தடை என்ற சொல்கூட அதில் இல்லை. அளவு பூஜ்யம், அவ்வளவுதான்.

ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போடுகிறார்கள். 'எனக்கு இது ஒத்துவராது' என்று 90 நாளுக்குள் எழுதிக் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது என்று கூட்டத்தின் விதியே சொன்னால்? நார்வே அப்படி எழுதிக் கொடுத்தது, இன்றுவரை திரும்பப் பெறவில்லை. எனவே 1993 முதல் அது நடத்தும் வணிக வேட்டை சட்டப்படி சரி. ஐஸ்லாந்து 1992-இல் கோபித்துக்கொண்டு வெளியே போய், 2002-இல் 'அந்த ஒரு தீர்மானம் மட்டும் எனக்கில்லை' என்று நிபந்தனையோடு திரும்பி வந்தது.

ஜப்பானும் எழுதிக் கொடுத்திருந்தது. ஆட்சேபணையை விலக்காவிட்டால் எங்கள் கடலில் மீன்பிடிக்க விடமாட்டோம் என்று அமெரிக்கா மிரட்டியது. ஜப்பான் விலக்கிக்கொண்டது. சில வருடத்தில் அந்த மீன்பிடி உரிமையும் போய்விட்டது! ஜப்பானியர்களுக்கு இந்த விஷயத்தில் உள்ள கசப்புக்கு இது பெரிய காரணம். அதன் பிறகு அவர்கள் பிடித்துக்கொண்டது உடன்படிக்கையின் எட்டாவது பிரிவை: ஆராய்ச்சிக்காகக் கொல்ல எந்த நாடும் தன் ஆட்களுக்குத் தானே அனுமதி தரலாம், கொன்றதை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும். அதாவது இறைச்சியை விற்கலாம்.

2019 ஜூன் 30-ஆம் தேதியோடு ஜப்பான் ஆணையத்தை விட்டே விலகிவிட்டது. மறுநாளே தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது, அண்டார்டிக்கை விட்டுவிட்டது. எனக்கு இது பழைய ஏற்பாட்டைவிட நாணயமாகத் தோன்றுகிறது. வேட்டையை வேட்டை என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: 'ஆராய்ச்சி' என்ற பெயரில் கொன்றதை உலக நீதிமன்றம் தடுத்ததாமே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஆம். 2010-இல் ஆஸ்திரேலியா வழக்குப் போட்டது, நியூசிலாந்து அதில் இடையிட்டது. 2014 மார்ச் 31 அன்று தி ஹேக் நகரில் 12-க்கு 4 என்று தீர்ப்பு. பெரும்பான்மையில் நம் ஊர் நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர்.

ஐயா, தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். ஆராய்ச்சிக்குக் கொல்லவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. திமிங்கலம் உயர்ந்த பிறவி என்றும் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நோட்டை வாங்கிப் பார்த்தது. வருடத்துக்கு 850 மிங்க், 50 ஃபின், 50 கூன்முதுகுத் திமிங்கலம் வேண்டும் என்று திட்டம் போட்டாயே, நடைமுறையில் எத்தனை? ஃபின் மொத்தமே 18. கூன்முதுகு ஒன்றுகூட இல்லை. மூன்று இனங்களை ஒப்பிடுவதுதான் ஆராய்ச்சி என்றால், இரண்டு இல்லாமலே எப்படித் திட்டம் அசையாமல் நடந்தது? 2005 முதல் கொன்ற மிங்க் சுமார் 3,600. அதிலிருந்து வந்த, வல்லுநர் சரிபார்த்த கட்டுரைகள் எத்தனை? ஜப்பான் காட்டியது இரண்டு. அளவும் விளைவும் பொருந்தவில்லை, எனவே இது 'அறிவியல் ஆராய்ச்சியின் நோக்கத்துக்கானது' அல்ல, நிறுத்து என்றது.

ஜப்பான் அந்த வருடம் நிறுத்தியது. 2015-இல் 333 என்று எண்ணிக்கையைக் குறைத்து வேறு பெயரில் மறுபடி கிளம்பியது. கிளம்புவதற்கு முன், கடல்வாழ் உயிரின விவகாரங்களில் இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கமாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்குப் போட்ட ஆஸ்திரேலியாவே 1978 வரை தன் தென்மேற்குக் கடலோரத்தில் ஆல்பனி ஊரில் திமிங்கலம் அறுத்துக்கொண்டிருந்தது. சாராயக்கடையை மூடிவிட்டு மதுவிலக்கு மேடை ஏறியவர் மாதிரிதான். அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது.

கேள்வி: திமிங்கலமா, திமிங்கிலமா? (வாசகி, மதுரை)

பதில்: 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம். அகராதியில் 'கி' உண்டு, என் வாயில் இல்லை.

கேள்வி: எல்லாரும் ஜப்பானையே திட்டுகிறார்கள். உண்மையில் திமிங்கலங்களை அழித்தது யார்? (வாசகர், சிவகாசி)

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பிய உங்களுக்கு நன்றி. நான் இந்த விஷயத்துக்குள் வந்ததே இந்த வழியாகத்தான்.

அழித்தவர்கள் பலர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகம் கொன்ற திமிங்கலங்கள் கிட்டத்தட்ட 29 லட்சம். நார்வே, பிரிட்டன், ஜப்பான், சோவியத் எல்லாரும் உண்டு. ஆணையம் முதலில் அளவு வைத்த விதம் ஒரு கூத்து. இனம் பார்க்காமல் எண்ணெய் பார்த்தார்கள். ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. அதற்கு இரண்டு ஃபின் சமம், இரண்டரை கூன்முதுகு சமம், 'செய்' என்ற இனத்தில் ஆறு சமம். மொத்த அலகு மட்டும் தாண்டக் கூடாது. பிறகு எவன் ஆறு சின்னதைத் துரத்துவான்? எல்லாரும் நீலத்தைத் துரத்தினார்கள். அண்டார்டிக் கடலில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த நீலத் திமிங்கலம் 1970-களில் சில நூறுக்கு வந்தது. அத்தனையும் பெரும்பாலும் சட்டப்படி!

சட்டத்தை மீறியதில் சோவியத்துக்குத்தான் முதலிடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென்கோளத்தில் அவர்கள் ஆணையத்திடம் காட்டிய கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2,710. உண்மையில் கொன்றவை 48,000-க்கும் மேல். கப்பலில் ஆய்வாளர்கள் இல்லாமல் இல்லை. அவர்களும் சோவியத் ஆட்கள், அவ்வளவுதான். திட்டக்குழு போட்ட டன் கணக்கை எட்டினால் போனஸ். இறைச்சியில் பெரும்பகுதியைக் கடலிலேயே தள்ளினார்கள். 1966 நவம்பரில் நம் அரபிக் கடலுக்குள்ளும் வந்து, ஓமான், பாகிஸ்தான், குஜராத் கரைகளுக்கு வெளியே சுமார் 240 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கூட்டம் வலசை போகாமல் அங்கேயே வாழ்வது. இன்று ஓமான் பக்கத்தில் நூற்றுக்குள்தான் எண்ண முடிகிறது.

இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த உயிரியலாளர்கள் சிலர் அசல் குறிப்புகளை அழிக்காமல் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டு உருளைக்கிழங்குக் கிடங்கில் வைத்திருந்தார். சோவியத் உடைந்த பிறகு 1993-இல் அலெக்ஸி யாப்லகோவ் என்ற விஞ்ஞானி இதை உலகத்துக்குச் சொன்னார்.

அந்தக் கிடங்கைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் எண்ணெய்ப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கசடு எண்ணெயை எங்கே எவ்வளவு எரித்தோம், எவ்வளவு கரையில் கொடுத்தோம் என்று எழுத வேண்டும். வடிகட்டும் கருவியைச் சுற்றிக்கொண்டு நேரே கடலில் விட ஒரு குழாயும் சில கப்பல்களில் உண்டு. அதற்கு 'மேஜிக் பைப்' என்று பெயர். நான் ஜூனியராக ஏறிய இரண்டாவது கப்பலில், இரவு குழாயை மாட்டுவதும் நான், காலையில் 'எரித்தது 1.2 கனமீட்டர்' என்று அழகான கையெழுத்தில் எழுதுவதும் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எனக்கு அந்த வேலை. ஏழு மாதம் எழுதினேன். எனக்குக் கிடங்கும் இல்லை, ஒளித்துவைத்த நோட்டும் இல்லை.

அதனால் யாராவது 'இந்த வருடம் இத்தனைதான் பிடித்தோம்' என்றால் நான் முதலில் கேட்பது, கப்பலில் எழுதியது யார், பக்கத்தில் நின்றது யார் என்றுதான். 1972-இல் வெளிநாட்டுப் பார்வையாளர்கள் கப்பலில் ஏறிய பிறகுதான் அந்தத் திருட்டு பெரும்பாலும் அடங்கியது. கயிறு போடவில்லை. நோட்டோடு ஓர் ஆள் நின்றார்.

கேள்வி: எதிர்ப்பாளர்கள் திருடலாமா? ஜப்பானில் கிரீன்பீஸ் ஆட்கள் பெட்டியைத் திருடினார்களே! (வழக்கறிஞர், சேலம்)

பதில்: 2008. ஆராய்ச்சிக் கப்பல் கரைக்கு வந்ததும் மாலுமிகள் சிலர் தங்கள் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகக் கூரியரில் அனுப்புகிறார்கள் என்று துப்புக் கிடைக்கிறது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்த இரண்டு பேர் அவோமோரியில் ஒரு கிடங்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து திறந்தால், இருபது கிலோவுக்கு மேல் உப்பிட்ட திமிங்கல இறைச்சி. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் இறைச்சி. பெட்டியை அவர்களே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இறைச்சி வழக்கு கைவிடப்பட்டது. எடுத்தவர்கள் மேல் திருட்டு, அத்துமீறல். 2010 செப்டம்பரில் ஒரு வருடத் தண்டனை, மூன்று வருடம் நிறுத்திவைப்பு. அதே டிசம்பரில் ஜப்பானிய மீன்வளத் துறை, தன் அதிகாரிகள் திமிங்கல இறைச்சியை அன்பளிப்பாக வாங்கியது உண்மை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நீங்கள் வழக்கறிஞர், திருட்டு திருட்டுதான் என்பீர்கள். தண்டனை கொடுத்ததை நானும் குறை சொல்லவில்லை. ஆனால் தங்கள் பெயரைச் சொல்லி, பெட்டியை அரசிடமே கொடுத்து, தண்டனைக்கும் நின்றார்களே, அவர்களுக்கு என் வீட்டில் காப்பி உண்டு. இந்தப் போராட்டம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: என் மைத்துனருக்குக் கடற்கரையில் மெழுகு மாதிரி ஒரு கட்டி கிடைத்தது. திமிங்கல வாந்தி என்கிறார்கள். விற்கலாமா? (பெயர் வேண்டாம், ராமநாதபுரம்)

பதில்: கூடாது. சித்த வைத்தியத்தில் மீனம்பர் என்று சொன்னது இதைத்தான். வயிற்றில் உண்டாகி வெளியே வருவது, வேட்டையாட வேண்டியதில்லை. ஆனாலும் இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். மைத்துனரை வனத்துறைக்கு அழைத்துப் போங்கள், 'கோடிக்குப் போகும்' என்று காதில் சொல்பவரிடம் வேண்டாம். பாதிக் கட்டிகள் வெறும் பாமாயில் கொழுப்பாகவும் இருக்கும்.

கேள்வி: பழங்குடிகள் கொன்றால் பண்பாடு, மற்றவர் கொன்றால் குற்றமா? (வாசகர், கோவை)

பதில்: எரிச்சலோடு கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல்தான்.

அலாஸ்காவின் வடமுனையில் இனுபியாட் மக்கள் வில்தலைத் திமிங்கலத்தை ஆயிரம் வருடத்துக்கு மேலாக வேட்டையாடுகிறார்கள். வசந்தத்தில் பனிக்கட்டி பிளந்து நீர்ச்சால் திறக்கும்போது, கடல்நாய் (சீல்) தோல் போர்த்திய படகில் போவார்கள். இறைச்சி விற்பனைக்கு இல்லை, ஊருக்கே பங்கு. 1977-இல் ஆணையத்தின் விஞ்ஞானிகள், இந்த இனம் சில நூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள்தான் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஆணையம் வேட்டை அளவைப் பூஜ்யமாக்கியது. ஊர் கொதித்தது.

வேட்டைக்காரர்கள் சொன்னது இது: "நீங்கள் பனி விளிம்பில் உட்கார்ந்து, திறந்த நீரில் போவதை மட்டும் எண்ணுகிறீர்கள். அது பனிக்கு அடியிலும் போகும். பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும்." விஞ்ஞானிகள் நம்பவில்லை. வேட்டைக்காரர்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்தார்கள், அந்தப் பகுதி நிர்வாகம் பணம் போட்டது, தண்ணீருக்கு அடியில் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். பனிக்கு அடியில் திமிங்கலங்கள் பாடிக்கொண்டே போயின! எண்ணிக்கை ஏறியது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 17,000. இடையில் அவர்கள் வேட்டையை விடவில்லை, ஆனால் அளவுக்குள் நின்றார்கள், நின்றதைக் காட்டினார்கள். 2007-இல் அவர்கள் பிடித்த ஒரு திமிங்கலத்தின் தோளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைக்காரர்களின் வெடி ஈட்டித் துண்டு கிடைத்தது. நூறு வருடத்துக்கு மேல் சுமந்து திரிந்திருக்கிறது.

எனவே என் பதில், பண்பாடு என்ற சொல்லுக்காக அல்ல. பண்பாடு என்று வட அட்லாண்டிக்கில் உள்ள பேரோ தீவுக்காரர்களும்தான் சொல்கிறார்கள். அங்கே 2021 செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 1,428 டால்பின்களைக் கரைக்கு ஓட்டிக் கொன்றார்கள். அவர்கள் ஊரிலேயே பலர் முகம் சுளித்தார்கள். அது சிறிய இனம் என்பதால் ஆணையம் தலையிடுவதில்லை, சட்டப்படி சரி. யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை, யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டால் இரண்டு ஊரும் ஒன்றாகத் தெரியாது.

கேள்வி: ஆட்டையும் கோழியையும் தின்றுகொண்டே திமிங்கலத்துக்கு அழுவது வேடிக்கை இல்லையா? நீங்கள் சைவமா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை. திமிங்கலமே தின்றிருக்கிறேன்.

ஜப்பானில் ஒரு சிறிய துறைமுகம். கப்பலுக்கு உதிரிப்பாகம் கொண்டுவரும் முதியவர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், வேலை முடிந்ததும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனார். ஓரம் மட்டும் சிவப்புச் சாயம் பூசிய மெல்லிய வெள்ளைத் துண்டுகள். 'குஜிரா' என்றார். எனக்குப் புரியவில்லை. சாப்பிட்ட பிறகு மேசையில் விரலால் தண்ணீரைத் தொட்டு வால் வரைந்து காட்டினார். போருக்குப் பிறகு பள்ளிக்கூட மதிய உணவில் அதுதான் கிடைத்ததாம். அது இல்லாவிட்டால் நான் இல்லை என்றார். ருசி? ஆட்டுக் கொழுப்பையும் நெத்திலியையும் ஒன்றாக வாயில் போட்ட மாதிரி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. 1962-இல் ஜப்பான் தின்றது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். இன்று அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பெரியவரின் பேரன் தொட மாட்டான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புனிதம் எதுவும் இல்லை. கசாப்புக் கடையில் ஆட்டை எப்படி அறுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உடனே சாக வேண்டும் என்பது அதன் சாரம். ஐஸ்லாந்தில் 2022-இல் கொன்ற ஃபின் திமிங்கலங்களில் 58-ஐ அந்நாட்டு உணவு, கால்நடை ஆணையம் காணொளியோடு கண்காணித்தது. நூற்றுக்கு 41 உடனே சாகவில்லை. அப்படிச் சாகாதவற்றில் நடுமதிப்பு நேரம் 11.5 நிமிடம். வெடிக்கும் ஈட்டி, அசையும் கப்பல், அசையும் விலங்கு. இதைவிட நன்றாகச் செய்ய ஆசைப்பட்டாலும் முடியாது. ஆட்டுக்கு இப்படி நடந்தால் கடைக்குப் பூட்டு போடுவார்கள். அமைச்சர் 2023 ஜூனில் அந்தப் பருவ வேட்டையை நிறுத்திவைத்தார். பிறகு, நிறுத்தியதற்குப் போதுமான சட்ட அடிப்படை இல்லை என்று அந்நாட்டு குறைதீர்ப்பாளர் சொல்லிவிட்டார்!

நிறுத்தம் முடிந்து கப்பல்கள் கிளம்பும் வாரத்தில், ரெய்க்யவிக் துறைமுகத்தில் இரண்டு பெண்கள் இரண்டு வேட்டைக் கப்பல்களின் கொடிமரக் கூட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். முப்பத்து மூன்று மணி நேரம். ஒருவருடைய சாப்பாட்டுப் பையைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. ஆபத்து ஏறியவர்களுக்கு மட்டும். கப்பல் கரையில் கட்டியிருந்தது. இந்த மாதிரிக்கு நான் எதிரி இல்லை.

கேள்வி: தாத்தா, கயிறு போட்டதால்தானே நிறைய திமிங்கலம் பிழைத்தது? (எட்டாம் வகுப்பு, தூத்துக்குடி)

பதில்: நீ விடமாட்டாய் போலிருக்கிறது, தம்பி. 2010-11 பருவத்தில் ஜப்பானியக் கப்பல்கள் பல நாட்களை ஓடியே கழித்து, பிப்ரவரியிலேயே வேட்டையை நிறுத்தி வீட்டுக்குக் கிளம்பின. திட்டம் தொள்ளாயிரத்துக்குப் பக்கம், பிடித்தது 172. அந்த வருடம் உயிரோடு போன எழுநூறு சொச்சத்துக்கு என் நோட்டில் பதில் இல்லை. கயிறு தவறு என்று இன்னமும் சொல்கிறேன். எழுநூறையும் மறைக்க மாட்டேன்.

கேள்வி: இத்தனை வருடம் கடலில் இருந்தீர்களே, உயிரோடு நீலத் திமிங்கலம் பார்த்ததுண்டா? (வாசகி, சென்னை)

பதில்: இல்லை. பார்த்திருக்க வேண்டியவன்.

இலங்கையின் தெற்கு முனை, தேவேந்திரமுனைக்குக் கீழே நீலத் திமிங்கலங்கள் வருடம் முழுக்க இரை தேடும் இடம் இருக்கிறது. உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று சரியாக அதன் மேலேயே போகிறது. பாதையைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். சில நிறுவனங்கள் தாங்களாகவே தள்ளிப் போகின்றன. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கன்டெய்னர் கப்பலின் மூக்கில் ஒரு நீலத் திமிங்கலம் குறுக்கே மடிந்து கிடந்தது. கப்பலில் இருந்தவர்களுக்குக் கரைக்கு வந்துதான் தெரியும்.

அந்த வழியாக நான் நூறு தடவைக்கு மேல் போயிருப்பேன். சிங்கப்பூர் போக, சூயஸ் போக, வேறு வழி கிடையாது. எல்லாத் தடவையும் கீழே இருந்தேன். மாலை நாலிலிருந்து எட்டு என் வாட்ச். எண்ணெய் வெப்பநிலை, டர்போ வேகம், பில்ஜ் அளவு, எல்லாம் மணிக்கு ஒருமுறை எழுதினேன். இன்ஜின் ரூமில் ஜன்னல் கிடையாது, அம்மா. அறுபதாயிரம் டன் கப்பல் எதையாவது தட்டினாலும் அங்கே ஒரு டம்ளர் தேநீர்கூட ததும்பாது.